நோயில் முன்னேற்றம்

புதிய மருந்தொன்றை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்க விரும்பும் எந்த மருத்துவமனையும், முதலில் ஒரு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். அந்தக் குழுவில் மருத்துவம் படிக்காத ஒருவரும் இருந்தாக வேண்டும் என்பது விதி. குன்னூர் மலைச்சரிவில் இருந்த மிஷன் மருத்துவமனையில் அந்த நாற்காலி ஏழாண்டுகளாக ரோஸ்மேரி டீச்சருக்கு உரியதாக இருந்தது. பெண்கள் பள்ளியில் முப்பத்துநான்கு ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். நோயாளியின் கையில் கொடுக்கப்படும் ஒவ்வொரு தமிழ்த் தாளையும் அவர் படித்துத் திருத்திக் கையெழுத்திட்ட பிறகே அச்சுக்குப் போகும்.

வேறு நகரத்து நிறுவனங்கள் மொழிபெயர்த்து அனுப்பும் அந்தத் தாள்கள், தமிழைத் தெருவில் போட்டு மிதித்தவை போல வந்து சேரும். வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகாது. மிகக் கூடாத இடத்தில் வரிக்கு மூன்று நிற்கும். உயிருக்குப் பயந்து வருகிறவனிடம் நீட்டும் தாளில்கூட இத்தனை அலட்சியமா என்று டீச்சருக்குக் கொதிக்கும். சிவப்பு மையில் அவர் திருத்திய பிரதிகளைக் கண்டு மருத்துவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

நவம்பர் மாதக் கூட்டத்தில் ஏழாவது பொருளாக வந்தது மார்பகப் புற்றுநோய் மாத்திரை ஆய்வு. நோய் மார்பகத்தைத் தாண்டி நுரையீரல் வரை பரவி, நான்காம் நிலையை எட்டிவிட்ட முப்பத்தொரு பெண்கள் அதில் பங்கேற்றிருந்தார்கள். எட்டு வாரங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து, கட்டிகளின் நீளத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்தால் மருந்து வேலை செய்கிறது. முன்பு இருந்த மிகக் குறைந்த அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டால், மருந்து தோற்றுவிட்டது.

ஆய்வை நடத்திய டாக்டர் ஷிஜோ, கூடலூர்ப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். தாளைப் பார்த்து வேகமாகப் படித்தார். "பதினான்காம் எண் பங்கேற்பாளர். கட்டபெட்டுப் பக்கம் தேயிலைத் தோட்ட வேலை. ஜூலையில் ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர், செப்டம்பரில் அறுபத்தாறு. புரொகிரஷன். மருந்தை நிறுத்தினோம். அடுத்த சிகிச்சைக்கு வரச் சொல்லித் தமிழில் கடிதம் அனுப்பினோம். ஏழு வாரமாக வரவில்லை. மூன்று முறை போன் செய்தாகிவிட்டது. தொடர்பு இழந்தவர் என்று குறித்துக்கொள்ளலாம்."

தலைவர் தலையாட்டினார். எட்டாவது பொருளுக்குத் தாள்கள் புரண்டன.

"ஒரு நிமிடம், டாக்டர்," என்றார் ரோஸ்மேரி டீச்சர். "முன்னேற்றம் கண்டவரை எதற்காகத் திரும்ப வரச் சொல்கிறீர்கள்?"

"புரியவில்லை, டீச்சர்."

"நோய் குறைந்ததால்தானே மருந்தை நிறுத்தினீர்கள்? கடிதத்தில் அப்படித்தானே இருக்கிறது?"

டாக்டர் ஷிஜோ நிமிர்ந்து பார்த்தார். அறையில் இருந்த ஒன்பது பேரும் பார்த்தார்கள்.

"நோய் கூடியதால் நிறுத்தினோம், டீச்சர்," என்றார் அவர் மெதுவாக. "புரொகிரஷன் என்றால் நோய் முன்னே போகிறது என்று பொருள். நோயாளி அல்ல."

ஆய்வின் ஒருங்கிணைப்பாளராக இருந்த நர்ஸ் லிஜி, கோப்பிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்து டீச்சர் முன் வைத்தாள். இரண்டு வரிகள். "உங்கள் நோயில் முன்னேற்றம் காணப்படுவதால், ஆய்வு மருந்து நிறுத்தப்படுகிறது. மேற்கொண்டு ஆலோசனைக்கு எங்களை அணுகவும்." ஒற்றுப்பிழை இல்லை. காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அது தம்முடைய வாக்கியம் என்பதை முதல் சொல்லிலேயே டீச்சர் கண்டுகொண்டார்.

*

அன்று மாலை வீட்டில், பழைய தாள்களை அடுக்கிவைத்திருந்த தகரப் பெட்டியை அவர் மேசைமேல் கவிழ்த்தார். கணவர் ஹெர்பர்ட் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"யாருடைய ஒற்றுப்பிழையை எண்ணுகிறாய் இப்போது?"

டீச்சர் தாள்களைப் புரட்டினார். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய பிரதி கிடைத்தது. அந்தத் தாள்கட்டில் நாற்பத்தோர் இடங்களில் சிவப்பு மை இருந்தது. ஆறாம் பக்கத்தில், நிறுவனம் அனுப்பிய மூல வாக்கியம்: "நோய் முன்னேறுதல் ஏற்பட்டுள்ளதால் ஆய்வு மருந்து நிறுத்தப்படுகின்றது." அதன் ஓரத்தில் அவருடைய கையெழுத்தில், "இது தமிழா?" என்றொரு கேள்வி. அதற்குக் கீழே அவர் எழுதிய திருத்தம்.

அவர் மூல வாக்கியத்தை மறுபடியும் படித்தார். கரடுமுரடான வாக்கியந்தான். ஆனால் அதில் முன்னேறியது நோய், நோயே எழுவாய். படிப்பவர் அந்த இடத்தில் இடறி நின்று, இதென்ன என்று யாரையாவது கேட்டிருப்பார். டீச்சர் அந்த எழுவாயை எடுத்து ஏழாம் வேற்றுமையில் உட்காரவைத்தார். 'நோயில்' ஆயிற்று. நோய் ஓர் இடமாகிப் போக, அந்த இடத்தில் முன்னேற்றம் என்னும் நல்ல விருந்தாளி வந்து அமர்ந்தார். வாக்கியம் வழுவழுப்பாயிற்று. இடறுவதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை.

திருத்தியபோது அவரே அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார் என்பதுதான் கொடுமை. குணமானால் மருந்தை நிறுத்துவது முறைதானே என்று நினைத்துக் கடந்து போனார். யாரையும் கேட்கவில்லை. மருத்துவம் அவர்கள் பாடு, மொழி தம்முடைய பாடு என்பது அவர் வகுத்துக்கொண்ட எல்லை.

அதைவிட எரிச்சலூட்டிய தாள் ஒன்று அடியில் இருந்தது. திருத்திய தமிழை வேறொருவர் மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் மூலத்தோடு ஒப்பிட்டுச் சான்றிதழ் தர வேண்டும் என்று ஓர் ஏற்பாடு உண்டு. அந்த வேறொருவர், 'முன்னேற்றம்' என்பதைப் பார்த்ததும் 'புரொகிரஸ்' என்று எழுதியிருந்தார். ஒப்பிட்டவர் 'புரொகிரஷன்' என்ற மூலத்தை அருகில் வைத்துப் பார்த்து, பொருந்துகிறது என்று முத்திரை குத்தியிருந்தார். போகும்போது விழுந்த பிழை, திரும்பி வரும்போது சரியாகவே தெரிந்திருக்கிறது. நான்கு கையெழுத்துகள், இரண்டு முத்திரைகள். ஒருவருக்கும் அந்தக் கடிதத்தைப் படிக்கப்போகும் பெண்ணின் நினைவு வரவில்லை.

ஹெர்பர்ட் நகலை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "நல்ல செய்தியாக இருக்கிறதே. எனக்கு இப்படியொரு கடிதம் வந்திருந்தால் கேக் வெட்டியிருப்பேன்."

டீச்சர் அந்தத் தாளை அவர் கையிலிருந்து வாங்கி மடித்தார்.

*

குழுவின் உறுப்பினர் பங்கேற்பாளரை நேரில் பார்த்து விசாரிக்க விதியில் இடமுண்டு. அதுவரை யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலை லிஜியோடு கோத்தகிரிப் பேருந்தில் ஏறினார் டீச்சர். பெண்ணின் பெயர் மரகதம், வயது நாற்பத்தாறு என்று வழியில் லிஜி சொன்னாள்.

"போனில் நீ என்னதான் பேசினாய்?" என்று டீச்சர் கேட்டார்.

"அவுங்க ஊட்டுக்காரருதான் எடுத்தாரு, டீச்சர். கடுதாசி வந்துச்சான்னு கேட்டேன். வந்துச்சு, படிச்சிட்டோம், ரொம்ப நன்றிங்க சிஸ்டர்னாரு. அக்கா எங்கேன்னேன். கொழுந்தெடுக்கப் போயிருக்கான்னாரு. மூணு தடவையும் இதே நன்றிதான்." லிஜி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வைத்தியம் வேண்டாம்னு முடிவு பண்ணினவுங்க இப்பிடித்தான் மரியாதையா நன்றி சொல்லி போனை வெப்பாங்க. நானும் அப்பிடின்னே நெனச்சு எழுதிட்டேன். ஸ்கேன் ரிசல்ட்டு வந்த வாரம் நான் ஆஸ்பத்திரில இருந்திருந்தா நேர்ல சொல்லியிருப்பேன். எங்கப்பாவுக்கு ஆப்பரேசன்னு லீவுல இருந்தேன்."

"இதே கடிதம் வேறு யாருக்காவது போயிற்றா?"

"மூணு பேருக்கு. ஆனா அவுங்க மூணு பேரும் எதுத்தாப்புல உக்காந்திருக்கும்போது டாக்டரு குடுத்தாரு. அவரு மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிருக்கும்."

கட்டபெட்டில் இறங்கியபோது மழை தூறலாக மாறியிருந்தது. முச்சந்தியில் கம்பளி போர்த்திய இருவர் படகமொழியில் காரட் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். தேயிலைச் சரிவின் நடுவே போன ஒற்றையடிப் பாதையில் குடையைப் பிடித்துக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். தொடர்ச்சியாக ஆறு தகரக்கூரை லைன் வீடுகள். நான்காவது வீட்டின் முன், இலை மூட்டை ஏற்றும் லாரியில் வேலை செய்யும் மாரிச்சாமி, மழைக்கோட்டைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டரா? ஏ மரகதம், யாரு வந்திருக்காங்க பாரு. இன்னிக்குப் பாத்து இவளும் வேலைக்குப் போவல. மழை இல்லாட்டிப் பார்த்திருக்க முடியாதுங்க."

மரகதம் தலையில் துண்டோடு வெளியே வந்தாள். கூட வந்தவரை ரோஸ்மேரி டீச்சர் என்று லிஜி அறிமுகப்படுத்தினாள். துண்டு நழுவியபோது, மருந்தில் உதிர்ந்த முடி ஓரங்குல உயரத்துக்குக் கறுப்பாகவும் வெளுப்பாகவும் முளைத்திருந்தது தெரிந்தது. முகத்தில் சதை பிடித்திருந்தது.

"வாங்க சிஸ்டர், உள்ளே வாங்க. ஏனுங்க டீச்சரு, அந்தப் பெஞ்சுல உக்காருங்க, இது ஆடும். பார்த்தீங்களா சிஸ்டர், வெரல் மரமரப்பு எல்லாம் போயிருச்சு. மாத்திரை நிறுத்தினதுல இருந்து சோறு சோறாத் தெரியுது. முன்னெல்லாம் இரும்பைக் கடிச்சாப்புல இருக்கும். போன வாரம் இருபத்தெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தேன் ஒரே நாள்ல. மேஸ்திரி கேக்கறான், நீ ஆஸ்பத்திரிக்குப் போனியா, சர்க்கஸுக்குப் போனியான்னு."

லிஜி சிரிக்க முயன்றாள், முடியவில்லை.

டீச்சரின் கண் சுவரில் நின்றுவிட்டது. மாரியம்மன் படம் போட்ட நாட்காட்டிக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில், கண்ணாடித்தாள் ஒட்டிப் பளபளவென்று தொங்கியது கடிதம்.

"கோத்தகிரி போயி லேமினேசன் பண்ணிட்டு வந்தாரு," என்றாள் மரகதம் அவர் பார்வையைப் பின்தொடர்ந்து. "லைனுக்கே கேசரி கிண்டிக் குடுத்தோம். கோயில்ல பொங்கல் வெச்சோம். உங்களுக்குத்தான் கொண்டுவந்து குடுக்க முடியல, சிஸ்டர். அந்த வருத்தம் உண்டு."

லிஜி பேச்சை எடுத்தாள். "அக்கா, அந்த லெட்டர்ல என்ன எழுதியிருக்குன்னா, ஸ்கேன்ல உங்களுக்குப் புரொகிரஷன் வந்திருக்கு."

"ஆமாங்க. முன்னேத்தம்."

"அதில்லக்கா. அது வந்து..."

சில ஆயிரம் மாணவியருக்குச் சொற்பொருள் விளக்கிய ரோஸ்மேரி டீச்சர், தமக்கு உரிய சொல்லைத் தேடினார். பரவல், பெருக்கம், தீவிரம், மோசம். ஒவ்வொன்றும் நாவின் நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று. பெருக்கம் என்றால் விளைச்சலைச் சொல்வார்களோ? தீவிரம் என்றால் வைத்தியத்தில் தீவிரம் என்று கொள்வார்களோ? எந்தச் சொல்லின் மேலும் அவருக்கு இனி நம்பிக்கை இல்லை.

அவர் எழுந்து ஆணியிலிருந்து கடிதத்தைக் கழற்றினார்.

"அம்மா, இந்தக் கடிதம் தப்பு. இதை எழுதியது நான். ஆஸ்பத்திரி சொல்ல வந்தது இதற்கு நேர் எதிரானது. உன் உடம்பு முன்னேறவில்லை. உள்ளே இருக்கிற கட்டி முன்னைவிட வளர்ந்துவிட்டது. மாத்திரை அதைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அதனால்தான் மாத்திரையை நிறுத்தினார்கள். உடனே வேறு மருந்து போட வேண்டும் என்பதற்காகத்தான் உன்னைக் கூப்பிட்டார்கள்."

மாரிச்சாமி கையிலிருந்த மழைக்கோட்டைக் கீழே வைத்தார்.

"இருங்க டீச்சரு. அப்போ நல்லாயிருக்குன்னு எழுதி அனுப்பிச்சீங்க. இப்போ நேர்ல வந்து இல்லேங்கறீங்க. இதுல எதைங்க நம்பறது? அவ ஆளப் பாருங்க. மாத்திரை தின்னப்பதான் நோயாளியா இருந்தா. இப்போத்தான் மனுசியா இருக்கா."

"மருந்தை நிறுத்தினா அதோட தொந்தரவும் நின்னுரும், அண்ணா," என்றாள் லிஜி. "அதான் தெம்பா தெரியுது. கட்டி வலிக்கிற எடத்துல இல்ல. அது தெரியாது."

"நான் நாலாங்கிளாஸுதான். ஆனா எழுத்துக்கூட்டிச் சரியாத்தான் படிச்சேன். மூணுவாட்டி படிச்சேன்."

"சரியாகத்தான் படித்தீர்கள்," என்றார் டீச்சர். "உங்கள் படிப்பில் ஒரு பிழையும் இல்லை. என் எழுத்தில்தான் இருந்தது."

மழை தகரத்தில் சற்று வலுத்தது. மரகதம் வாசலைப் பார்த்தாள். வாசலுக்கு அப்பால் தேயிலைச் செடிகள் இடுப்பளவில் வரிசை வரிசையாக ஈரத்தில் நின்றன.

"கொப்புள நோய் இருக்குதுங்களே," என்றாள் அவள், யாரையும் பார்க்காமல். "இந்த மழையிலதான் வரும். காலையில ஒரு செடி எலையில பொட்டாட்டம் இருக்கும். மருந்தடிக்காம விட்டா, நாலு நாள்ல மேல் பாத்தி வரைக்கும் போயிரும். அதை நாங்க ஏறிருச்சுன்னு சொல்லுவோம். நோய் ஏறிருச்சு." அவள் டீச்சரின் பக்கம் திரும்பினாள். "அதுதானுங்களா?"

டீச்சருக்குக் கண்கள் நிறைந்தன. "அதுதான், அம்மா."

"அப்பறம் அப்பிடி எழுதறதுக்கு என்னங்க?"

மரகதத்தின் குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொள்வது எளிதாக இருந்திருக்கும்.

"எத்தனை நாளாச்சு, சிஸ்டர்?"

"ஏழு வாரம், அக்கா."

"ஏழு வாரம் கொழுந்தெடுத்தேன். உள்ளுக்குள்ள அது பாட்டுக்கு ஏறிட்டிருந்திருக்கு. நான் கேசரி கிண்டியிருக்கேன்." அவள் துண்டை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். மாரிச்சாமி அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். பிறகு மரகதம் சொன்னாள்: "எழுதிக் குடுங்க."

"என்ன எழுத வேண்டும்?"

"இப்ப சொன்னதை. வாயில சொன்னா இவரு நாளைக்கு வேற சொல்லுவாரு. நானும் ராத்திரியில மனசை மாத்திக்குவேன். லெட்டரு தப்புன்னா லெட்டராத்தான் வேணும். நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. உங்க பாசை வேண்டாம்."

டீச்சர் பையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தார். மரகதம் மெதுவாகச் சொன்னாள், அவர் எழுதினார். "மரகதத்துக்கு நோய் ஏறிருச்சு." பேனா அந்த வினைமுற்றின் மேல் ஒரு கணம் நின்றது. முப்பத்துநான்கு ஆண்டுப் பழக்கம் கையைப் பிடித்து இழுத்தது. அவர் அந்தச் சொல்லைத் தொடாமல் அடுத்த வரிக்குப் போனார். "முன்ன வந்த லெட்டரு தப்பு. மாத்திரை கேக்கல. அதனால நிறுத்திட்டாங்க."

"தப்பு எழுதுனது ஆருன்னும் போடுங்க," என்றார் மாரிச்சாமி.

"போட்டுவிட்டேன்," என்றார் டீச்சர். தம் முழுப்பெயரை அவர் முன்பே எழுதியிருந்தார்.

"இனி வைத்தியம் இருக்குதா இல்லையா, சிஸ்டர்? அதையும் போடோணும்."

லிஜி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் உதவிக்கு வரவில்லை. "ஊசி மருந்து இருக்கு, அக்கா. வாரம் ஒண்ணு. கேக்குமா கேக்காதான்னு போட்டாத்தான் தெரியும். மறுபடியும் முடி கொட்டும். வெரலு மரத்துப்போகும். முழுசாக் குணமாகும்னு நான் சொல்ல மாட்டேன்."

"அதை அப்பிடியே போடுங்க, டீச்சரு. ஒரு சொல்லுகூட விடாம."

எழுதி முடித்ததும் மாரிச்சாமி தாளை வாங்கி, விரலை வரிக்குக் கீழே நகர்த்தி எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒருமுறைதான் படித்தார். பிறகு அதை மரகதத்திடம் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போனார், மழைக்கோட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

*

திங்கட்கிழமை மரகதம் வந்தாள். கீழே கோயமுத்தூருக்கு அனுப்பி எடுத்த புதிய ஸ்கேனில் கூட்டுத்தொகை எழுபத்தொன்பது மில்லிமீட்டர் இருந்தது. கல்லீரலில் செப்டம்பரில் இல்லாத இரண்டு புள்ளிகள் இருந்தன. ஏழு வாரம் முன்பே ஊசியைத் தொடங்கியிருந்தால் அவை வந்திருக்குமா என்று டீச்சர் கேட்டார். டாக்டர் ஷிஜோ படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். அதை அளக்க எங்களிடம் கருவி இல்லை, டீச்சர்," என்றார். ஆறுதலுக்காக அவர் பொய் சொல்லாததை டீச்சர் மனத்துக்குள் மதித்தார்.

நடந்ததைக் குழுவுக்கும் மருந்து நிறுவனத்துக்கும் அறிக்கையாக எழுத வேண்டியிருந்தது. டாக்டர் எழுதிய வரைவில் இந்த வரி இருந்தது: "கடிதத்தின் பொருள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதால் சிகிச்சை தாமதமானது."

"எழுவாய் எங்கே, டாக்டர்?" என்றார் டீச்சர்.

"எந்த எழுவாய்?"

"புரிந்துகொள்ளப்பட்டது என்றால் யாரால்? நீங்கள் சொல்லாவிட்டால், படிக்கிறவர்கள் தாங்களாகவே ஒருவரை அந்த இடத்தில் வைப்பார்கள். தோட்டத்தில் இலை பறிக்கிற ஒருத்தி, படிப்பில்லாதவள், தப்பாகப் புரிந்துகொண்டாள் என்று முடிப்பார்கள். அவர்கள் இருவரும் சரியாகப் படித்தார்கள்."

டாக்டர் ஷிஜோ பேனாவை மேசைமேல் உருட்டினார். "உங்கள் பெயர் வர வேண்டாம் என்றுதான் அப்படி எழுதினேன், டீச்சர். ஏழு வருடமாக எங்களுக்காகச் சும்மா உழைக்கிறீர்கள். தவிர, இதில் நீங்கள் ஒருவர் மட்டுமா? நானும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன்தான். தமிழைப் படிக்காமலேயே போட்டேன். டீச்சர் பார்த்துவிட்டார் என்றார்கள், போட்டேன்."

"அப்படியானால் இரண்டு எழுவாய். 'ரோஸ்மேரி ஹெர்பர்ட் தவறாக எழுதினார். டாக்டர் ஷிஜோ படிக்காமல் ஒப்புதல் அளித்தார்.' செய்வினையில் எழுதுங்கள். பிறகு வேண்டுமானால் காரணங்களை அடுக்கிக்கொள்ளலாம்."

டாக்டர் அப்படியே எழுதினார்.

புதிய கடிதத்தை டீச்சரும் டாக்டரும் லிஜியுமாக அமர்ந்து எழுதினார்கள். "உங்களுக்கு நோய் ஏறிவிட்டது. நீங்கள் சாப்பிட்ட மாத்திரை கேட்கவில்லை. அதனால் அதை நிறுத்துகிறோம். வேறு மருந்து தொடங்க வேண்டும். இந்த வாரமே வாருங்கள்." தபாலில் அனுப்பக் கூடாது, எதிரே உட்காரவைத்துப் படித்துக்காட்டி, கேட்டவர் தம் வாயால் திருப்பிச் சொன்ன பிறகே கையில் கொடுக்க வேண்டும் என்றும் குழு முடிவெடுத்தது. மூன்று வாரம் கழித்து நிறுவனத்திடமிருந்து மறுப்பு வந்தது. 'ஏறிவிட்டது' என்ற சொல், திரும்ப ஆங்கிலமாக்கியபோது மூலத்தோடு பொருந்தவில்லையாம். முந்தைய வாக்கியம் முழுமையாகப் பொருந்தியதால் அதையே வைத்துக்கொள்ளுமாறு பரிந்துரைத்திருந்தார்கள்.

ரோஸ்மேரி டீச்சர் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பதிலில் அவர் சினத்தைக் கொட்டவில்லை. அறிக்கையின் நகலையும் மரகதத்தின் இரண்டு ஸ்கேன் அளவுகளையும் இணைத்து, "பொருந்தியதன் விளைவு இது" என்று ஒரே வரி எழுதினார். பிறகு அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

*

பிப்ரவரியில், பன்னிரண்டாவது ஊசி முடிந்து ஸ்கேன் எடுத்த வாரம், டீச்சர் மருத்துவமனைக்குப் போனார். ஊசி போடும் அறையின் வெளியே நீளப் பெஞ்சில் மரகதம் தனியாக உட்கார்ந்திருந்தாள். தலையில் கம்பளித் தொப்பி, புருவங்கள்கூட உதிர்ந்திருந்தன. மடியில் துணிப்பை. டீச்சரைக் கண்டதும் சற்று நகர்ந்து இடம் விட்டாள். டீச்சர் உட்கார்ந்தார்.

"உங்களுக்குன்னு கொண்டாந்தேன்," என்று பையிலிருந்து எடுத்து நீட்டினாள் மரகதம். லேமினேசன் செய்த பழைய கடிதம். "ஆணியில இருந்த எடத்துல இப்ப நீங்க கையில எழுதுனது இருக்கு. இதைக் கிழிக்கவும் முடியல, எரிச்சா நாறுது. நீங்களே வெச்சுக்கோங்க."

டீச்சர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நன்றி என்று சொல்லத் தோன்றியது. அந்தச் சொல்லையும் போனில் தவறாகப் பொருள்கொண்டது நினைவு வர, சொல்லவில்லை. இருவரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லிஜி அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். மரகதம் எழுந்து நின்றாள்.

"சொல்லுங்க, சிஸ்டர். ஏறிருக்கா, எறங்கிருக்கா?"

லிஜி தாளைப் பார்த்தாள். எழுபத்தொன்பது, எழுபத்தேழு என்று இரண்டு எண்கள் அதில் இருந்தன. கல்லீரலின் புள்ளிகள் இரண்டாகவே இருந்தன. இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் அச்சாகியிருந்தது. லிஜி அதை உச்சரிக்க வாயெடுத்து, டீச்சரை ஒருமுறை பார்த்துவிட்டு, விட்டுவிட்டாள்.

"ஏறலக்கா. எறங்கவும் இல்ல. நின்னிருக்கு."

"நின்னிருக்கு," என்று மரகதம் தன் வாயால் திருப்பிச் சொன்னாள். பொருளைச் சரிபார்ப்பவள் போல இன்னொரு முறையும் மெல்லச் சொன்னாள். "எத்தனை நாளைக்கு நிக்கும்?"

"தெரியாதுக்கா. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் பாக்கோணும்."

"சரிங்க."

அவள் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மரத்துப்போன விரல்களால் ஸ்வெட்டரின் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிப் போட்டாள். கடைசிப் பொத்தான் நுழையவில்லை. டீச்சர் எழுந்து அதைப் போட்டுவிட்டார். கட்டபெட்டுப் பேருந்துக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.